மேரி செலஸ்ட்: ஆளில்லாமல் மிதந்த பாய்மரக் கப்பலின் மர்மத்தை நீங்களே விசாரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1872 டிசம்பர் 4, பகல் ஒரு மணி வாக்கில். அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகல் கரைக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது 'டெய் கிராசியா' என்ற பாய்மரக் கப்பல். சுக்கான் பிடித்திருந்த மாலுமி, தூரத்தில் இன்னொரு கப்பல் ஒரு சீரில்லாமல் தள்ளாடி வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கேப்டன் டேவிட் மோர்ஹவுஸ் நெருங்கிப் பார்த்தார். தளத்தில் ஒருவரும் இல்லை. சைகை காட்டியும் பதில் இல்லை. துணை கேப்டன் ஆலிவர் டெவோவையும் அடுத்த அதிகாரி ஜான் ரைட்டையும் படகில் அனுப்பினார். அவர்கள் ஏறிய கப்பல் 'மேரி செலஸ்ட்'. அதில் புறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பத்துப் பேரும் பிறகு எங்கேயும் கிடைக்கவும் இல்லை.

150 வருடம் தாண்டியும் இந்தக் கதை சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சொல்லச் சொல்லக் கெட்டும் போயிருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டி. ஒரு தாள், ஒரு பென்சில், அட்லாண்டிக் கடலின் ஒரு வரைபடம், இவ்வளவு போதும். படிப்படியாகப் போனால், மர்மம் முழுக்க அவிழாது. ஆனால் எது உண்மையிலேயே மர்மம், எது பின்னால் ஒட்டிய தூசு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 1: முதலில் கேட்ட கதையைக் கழுவுங்கள்

உங்களுக்கு இந்தக் கப்பலைப் பற்றி என்னவெல்லாம் தெரியுமோ அதையெல்லாம் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஏதாவது இருக்கும்: மேசையில் ஆவி பறக்கும் தேநீர், பாதி சாப்பிட்ட உணவு, உயிர்காக்கும் படகு கட்டிய இடத்திலேயே இருந்தது, பெர்முடா முக்கோணத்தில் நடந்தது. நான்கையும் அடித்துவிடுங்கள்.

சமைத்த உணவு எதுவும் இல்லை. சமையலறைச் சாமான்கள் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. கப்பலின் ஒரே படகு காணாமல் போயிருந்தது. பெர்முடா முக்கோணம் அட்லாண்டிக்கின் மறு கோடியில் இருக்கிறது. வரைபடத்தை விரித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அப்படியானால் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? 1884-இல் ஆர்தர் கோனன் டாயில், அப்போது பெயர் தெரியாத இளம் மருத்துவர், இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் கப்பலின் பெயர் 'மாரி செலஸ்ட்' என்று வரும். படகுகளும் இருந்த இடத்தில் இருக்கும். கதைக்கு அது தேவைப்பட்டது. ஆனால் படித்தவர்களில் பலர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். சூடான தேநீர் போன்றவை அதற்கும் பிறகு, வாய்வழியும் பத்திரிகை வழியும் சேர்ந்தவை. 1913-இல் லண்டன் பத்திரிகை ஒன்று, கப்பலில் இருந்து உயிர்தப்பிய ஒருவர் எழுதிவைத்துப் போன குறிப்பு என்று ஒன்றை வெளியிட்டது. அதில் சொன்ன ஆள் கப்பலின் பட்டியலிலேயே இல்லை.

படகு காணாமல் போயிருந்தது என்ற ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வட்டம் போடுங்கள். படகு இருந்து ஆள் மட்டும் இல்லாவிட்டால் அது அமானுஷ்யம். படகும் இல்லை, ஆளும் இல்லை என்றால், அவர்கள் இறங்கிப் போயிருக்கிறார்கள். கேள்வி உடனே மாறிவிடுகிறது: ஏன் இறங்கினார்கள்?

படி 2: கப்பலின் ஜாதகம்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் பார்க்கிறோம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்ற ஊரில் கட்டி, 1861 மே மாதம் கடலில் இறக்கினார்கள். அப்போது அதன் பெயர் 'அமேசான்'. இரண்டு பாய்மரம் கொண்ட பிரிகன்டைன் வகை. முதல் பயணத்திலேயே கேப்டன் ராபர்ட் மெக்லெல்லன் நோய்ப்பட்டு இறந்தார். 1867-இல் புயலில் கேப் பிரெட்டன் தீவில் கரை தட்டியது. உடைந்த கப்பலை வாங்கியவர் செப்பனிட்டார். 1868-இல் அமெரிக்கக் கொடியோடு 'மேரி செலஸ்ட்' என்று புதுப் பெயர் வந்தது. இதையெல்லாம் சேர்த்து "பிறவியிலேயே சாபம் பிடித்த கப்பல்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்து மரக்கப்பல்களின் வரலாற்றை எடுத்தால், கரை தட்டாதது, கை மாறாதது கிடைப்பதே அபூர்வம். சாபத்தையும் அடித்துவிடுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: 1872 தொடக்கத்தில் சுமார் 10,000 டாலர் செலவில் பெரிய மராமத்து நடந்தது. நீளம் 103 அடியானது, இரண்டாவது தளம் வந்தது, கொள்ளளவுக் கணக்கு 198 டன்னிலிருந்து 282 டன்னாக ஏறியது. மராமத்து என்றால் மரத்தூள், ஆணி, சிராய் எல்லாம் அடித்தளத்தில் விழும். இதை ஓரமாக வையுங்கள். பின்னால் வேண்டும்.

படி 3: பத்துப் பேரை மனிதர்களாகப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் கொலை, கலகம் என்று போய் நிற்கிறார்கள்.

கேப்டன் பெஞ்சமின் ஸ்பூனர் பிரிக்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேரியன் ஊர்க்காரர். 37 வயது. கடலோடிக் குடும்பம், அப்பாவும் கேப்டன். பைபிளைத் தவறாமல் படிப்பவர், மது தொடாதவர். கப்பலின் 24 பங்குகளில் 8 அவருடையது. அதாவது இந்தக் கப்பலில் அவர் சம்பளத்துக்கு வந்தவர் மட்டுமல்ல. சொந்தச் சேமிப்பைப் போட்டவர். மனைவி சாராவையும் இரண்டு வயது மகள் சோஃபியாவையும் கூடவே அழைத்துக்கொண்டார். மகன் ஆர்தருக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டார்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், கப்பல் நல்ல நிலையில் இருப்பதாகவும் பயணம் நன்றாக அமையும் என்று நம்புவதாகவும் எழுதினார்.

துணை கேப்டன் ஆல்பர்ட் ரிச்சர்ட்சன் அனுபவசாலி. அடுத்த அதிகாரி ஆண்ட்ரூ கில்லிங். சமையல் பொறுப்பு எட்வர்ட் ஹெட். மாலுமிகள் நால்வரும் ஜெர்மானியர்கள், ஃப்ரீசியன் தீவுகளைச் சேர்ந்தவர்கள்: ஃபோல்கர்ட் லோரென்சன், போஸ் லோரென்சன் என்ற அண்ணன் தம்பி, ஆரியன் மார்டென்ஸ், காட்லீப் கௌட்ஷால். அமைதியானவர்கள், தேர்ந்த மாலுமிகள் என்று பிறகு சான்றும் கிடைத்தது.

தாளில் எழுதுங்கள்: எட்டு ஆண்கள், ஒரு பெண், ஒரு குழந்தை. கேப்டன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், மடியில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் ஒரு தகப்பன் எடுக்கும் முடிவு. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

படி 4: சரக்கு என்ன?

1,701 பீப்பாய் ஆல்கஹால். இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போக வேண்டியது. குடிக்கிற சாராயம் இல்லை. தொழில் உபயோகத்துக்காக நஞ்சு கலந்தது. "மாலுமிகள் சரக்கைக் குடித்து வெறியேறிக் கொலை செய்தார்கள்" என்ற கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது. இதைக் குடித்தால் வெறி ஏறுவதற்கு முன் வயிறும் கண்ணும் போய்விடும்.

ஆனால் ஆல்கஹாலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஆவியாகும். குளிர்ந்த நியூயார்க்கில் ஏற்றிய பீப்பாய்கள் வெப்பமான கடலுக்குள் வரும்போது, மரத்தின் துளை வழியே ஆவி கசிந்து சரக்கறையில் சேரும். ஜெனோவாவில் இறக்கிப் பார்த்தபோது ஒன்பது பீப்பாய் காலியாக இருந்தது. அந்த ஒன்பதும் வெள்ளை ஓக் மரத்தால் அல்லாமல், துளை அதிகமுள்ள சிவப்பு ஓக் மரத்தால் செய்தவை என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

படி 5: வரைபடத்தில் இரண்டு புள்ளி

இப்போது பென்சிலை எடுங்கள்.

நவம்பர் 5-இல் கப்பல் நியூயார்க் துறையை விட்டது. காற்று சரியில்லாததால் ஸ்டேட்டன் தீவுக்கருகே நங்கூரம் போட்டுக் காத்திருந்து, 7-இல் அட்லாண்டிக்கில் இறங்கியது. மோர்ஹவுஸின் டெய் கிராசியா, 1,735 பீப்பாய் பெட்ரோலியத்தோடு நவம்பர் 15-இல் கிளம்பியது. எட்டு நாள் வித்தியாசம். ஏறக்குறைய ஒரே பாதை.

மேரி செலஸ்டில் தினசரிக் குறிப்பை முதலில் ஒரு சிலேட்டில் எழுதி, பிறகு கப்பல் ஏட்டில் ஏற்றுவார்கள். சிலேட்டில் இருந்த கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை எட்டு மணி. அப்போது கப்பல் அசோர்ஸின் சாந்தா மரியா தீவுக்குப் பக்கத்தில் இருந்தது. தீவின் கிழக்கு முனை ஆறு மைல் தொலைவில். இடம்: வடக்கு 37 டிகிரி 1 நிமிடம், மேற்கு 25 டிகிரி 1 நிமிடம். இது முதல் புள்ளி.

கண்டுபிடிக்கப்பட்ட இடம்: வடக்கு 38 டிகிரி 20 நிமிடம், மேற்கு 17 டிகிரி 15 நிமிடம். இது இரண்டாவது புள்ளி.

தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம். வடக்கு தெற்காக ஒரு டிகிரி 60 கடல் மைல். இந்த அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி சுமார் 47 கடல் மைல். வடக்கே 79 மைல், கிழக்கே சுமார் 367 மைல் வரும். நேர்கோட்டில் 375 சொச்சம். ஒன்பது நாளில் இந்தத் தூரம் என்றால் மணிக்கு இரண்டு கடல் மைல்கூட இல்லை. யாரும் சுக்கான் பிடிக்காமல், இரண்டு மூன்று பாய் மட்டும் விரிந்திருக்கும் கப்பல், அலைந்து அலைந்து போனால் வரக்கூடிய வேகம்தான் அது. அதற்கு ஆவி எதுவும் சுக்கான் பிடிக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் கண்டுபிடித்த தேதி டிசம்பர் 5 என்று இருக்கும். இரண்டும் சரிதான். கடல் கணக்கில் நாள் நண்பகலில் தொடங்கும். பகல் ஒரு மணிக்குக் கரையில் 4-ஆம் தேதி, கப்பலில் 5-ஆம் தேதி. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் இதையே ஒரு மர்மமாக்கியவர்கள் உண்டு.

படி 6: மூன்று பட்டியல்

இதுதான் விசாரணையின் நெஞ்சு. அவசரப்படாதீர்கள். தாளை மூன்றாகப் பிரித்து, டெவோ கப்பலில் கண்டதை இந்த மூன்று தலைப்பில் எழுதுங்கள்: போனவை, இருந்தவை, இடம் மாறியவை.

*போனவை.* படகு. குரோனோமீட்டர் என்ற கடல் கடிகாரம். சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட். கப்பலின் பதிவுச் சீட்டும் கேப்டனின் தாள்களும். இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாம் கேப்டன் கை வைக்கக்கூடிய பொருள்கள். கடலில் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டியவை, கரைக்குப் போனால் காட்ட வேண்டியவை. கொள்ளைக்காரன் இவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகமாட்டான். குடிவெறியில் இருப்பவனுக்குச் செக்ஸ்டன்ட் நினைவு வராது. தலைமை குலையாமல், கேப்டனே எடுத்துவைத்துக் கிளம்பியிருக்கிறார்.

*இருந்தவை.* கப்பல் ஏடும் சிலேட்டும். பல மாதத்துக்குத் தாங்கும் உணவும் தண்ணீரும். துணிமணி, மாலுமிகளின் எண்ணெய்த்துணி மேலங்கி, புகைக்கும் குழாய். கேப்டன் அறையில் ஒரு ஹார்மோனியம். படுக்கைக்கு அடியில் உறையோடு ஒரு வாள். பீப்பாய்கள் அடுக்கிய இடத்திலேயே இருந்தன. கடலோடி ஒருவன் மழை அங்கியையும் புகைக்குழாயையும் விட்டுப் போகிறான் என்றால், ஒன்று அவ்வளவு அவசரம்; இல்லையென்றால், கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம். இந்த இரண்டில் எது என்பதில்தான் எல்லாக் கோட்பாடுகளும் பிரிகின்றன.

*இடம் மாறியவை.* முன்பக்கச் சரக்கறை வாசலும் பின்பக்கச் சிறிய வாசலும் திறந்திருந்தன. மூடிகள் பக்கத்திலேயே தளத்தில் கிடந்தன. நடுவிலுள்ள பெரிய வாசல் மட்டும் சரியாக மூடியிருந்தது. திசைகாட்டிப் பெட்டி பெயர்ந்து, கண்ணாடி உடைந்திருந்தது. சில பாய்கள் விரிந்தபடி, சில கிழிந்து பறந்துபோய், மற்றவை சுருட்டியபடி. பிரதான பாயின் மேல் நுனியைத் தூக்கும் நீண்ட கயிறு அறுந்திருந்தது. சரக்கறைக்கு அடியில் மூன்றரை அடித் தண்ணீர். பம்புக்குப் பக்கத்தில், நீர்மட்டம் பார்க்கக் கையால் செய்த ஒரு கோல் கிடந்தது.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மூன்றரை அடி என்று கேட்டால் நமக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் இந்தக் கப்பலின் உள் ஆழம் 16 அடி. ஒன்பது நாள் யாரும் இறைக்காமல், வாசல் திறந்து கிடந்து, மழையும் அலையும் உள்ளே போயும் மூன்றரை அடிதான். டெவோ இரண்டே மாலுமிகளை வைத்துக்கொண்டு இதை இறைத்துவிட்டு, இதே கப்பலைச் சுமார் 600 மைல் ஓட்டி ஜிப்ரால்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர், மூழ்குகிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்.

படி 7: ஜிப்ரால்டர் விசாரணையைப் படிக்கும்போது கேட்டவர் யார் என்று பாருங்கள்

டெய் கிராசியா டிசம்பர் 12-இல் ஜிப்ரால்டருக்கு வந்தது. மூடுபனியில் தாமதித்த மேரி செலஸ்ட் அடுத்த நாள் வந்தது. 17-இல் நீதிபதி சர் ஜேம்ஸ் காக்ரேன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. இது கொலை விசாரணை அல்ல. கைவிடப்பட்ட கப்பலை மீட்டவருக்குக் கப்பல், சரக்கு மதிப்பில் ஒரு பங்கு தர வேண்டும் என்பது கடல் சட்டம். எவ்வளவு என்று முடிவு செய்யத்தான் கூடினார்கள்.

ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஃபிரெடரிக் சாலி-ஃபிளட் முதலிலிருந்தே குற்றத்தைத் தேடினார். கப்பலைச் சோதித்தவர்கள் முன்பக்கத்தின் இருபுறமும் கூரான கருவியால் வெட்டியது போன்ற தடம் இருப்பதாகச் சொன்னார்கள். தளத்துக் கைப்பிடியில் கோடரித் தடம், வாளில் இரத்தம் போன்ற கறை. மாலுமிகள் குடித்துவிட்டுக் கேப்டன் குடும்பத்தைக் கொன்று படகில் தப்பினார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மோர்ஹவுஸ் மேலும் சந்தேகம் பாய்ந்தது.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பலர் இங்கே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வாளிலும் மற்ற இடங்களிலும் இருந்த கறையை ஆராய்ந்ததில் இரத்தம் இல்லை என்று வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் ஷுஃபெல்ட் கப்பலைப் பார்வையிட்டு, முன்பக்கத் தடங்கள் கடலின் வேலைதான், மனிதன் வெட்டியதல்ல என்றார். 1873 பிப்ரவரி 25-இல் கப்பலை விடுவித்தார்கள். ஏப்ரலில் வந்த தீர்ப்பில் மீட்டவர்களுக்குக் கிடைத்தது 1,700 பவுண்டு, மொத்த மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆளில்லாத கப்பலை மூன்றே பேராகக் குளிர்கால அட்லாண்டிக்கில் ஓட்டிவந்தவர்களுக்கு இது குறைவு. சந்தேகத்தின் நிழல் அவர்கள் கூலியிலும் விழுந்துவிட்டது. எனக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

டெவோ சொன்ன ஒரு கருத்து சாட்சியத்திலேயே இருக்கிறது: பம்ப் பக்கத்தில் கோல் கிடந்ததை வைத்துப் பார்த்தால், அவர்கள் தண்ணீர் அளந்து, அதிகம் இருப்பதாக நினைத்து, மூழ்கிவிடும் என்று பயந்து இறங்கியிருக்க வேண்டும். முதலில் ஏறிப் பார்த்த கடலோடியின் வார்த்தை. இதற்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன்.

படி 8: ஒவ்வொரு கோட்பாட்டையும் பட்டியலில் உரசிப் பாருங்கள்

விதி எளிது. ஒரு கோட்பாடு மூன்று பட்டியலையும் விளக்க வேண்டும். ஒன்றை விளக்கி இரண்டை விட்டால், அதை ஓரம் கட்டுங்கள்.

கொள்ளையர் என்றால்: பொருள் எல்லாம் அப்படியே இருந்தது. முடிந்தது.

கலகம் என்றால்: சண்டையின் தடம் இல்லை, இரத்தம் இல்லை, சரக்கைத் தொடவில்லை, தப்பியவர்கள் எந்தத் துறைமுகத்திலும் தலைகாட்டவில்லை.

மோர்ஹவுஸும் பிரிக்ஸும் சேர்ந்து மீட்புப் பணத்துக்காக நாடகம் ஆடினார்கள் என்றால்: கப்பலில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர், அதைவிடச் சின்னத் தொகைக்காக, மனைவி குழந்தையோடு என்றைக்கும் மறைந்துபோக வேண்டும். மேரியனில் மகன் காத்திருக்கிறான். இருவரும் நியூயார்க்கில் கடைசி இரவு ஒன்றாகச் சாப்பிட்டார்கள் என்ற பேச்சுக்கும், பல பத்தாண்டுகள் கழித்து மோர்ஹவுஸின் மனைவி சொன்ன நினைவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

நீர்த்தாரை (கடல்மேல் தூண்போல எழும் சுழற்காற்று), கடலடி நிலநடுக்கம் என்றால்: அசோர்ஸ் பக்கம் நிலம் நடுங்கும் என்பது உண்மை. நீர்த்தாரை கடக்கும்போது காற்றழுத்தம் சட்டென்று குறைந்து, பம்புக்குள் தண்ணீர் மேலேறி, அளவு தப்பாகக் காட்டும் என்றும் சொல்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் அன்று அங்கே அப்படி நடந்ததற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

ஆல்கஹால் ஆவி: இதை மதித்துப் பார்க்க வேண்டும். கப்பலின் முதன்மை உரிமையாளர் வின்செஸ்டரே இப்படி நினைத்தவர். சரக்கறையிலிருந்து ஆவி சீறியதும் வெடிக்கப் போகிறது என்று கேப்டன் அஞ்சியிருக்கலாம். ஆனால் தீப்பிடித்த தடமே இல்லையே என்ற கேள்வி ரொம்ப நாள் இதை முடக்கி வைத்திருந்தது. 2006-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா, சரக்கறையின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, பீப்பாய்க்குப் பதில் காகிதக் கட்டிகளை அடுக்கி, பியூட்டேன் வாயுவை நிரப்பிப் பற்றவைத்தார். பெரிய தீப்பந்து எழுந்தது, காகிதம் கருகவில்லை. அலைபோல வந்துபோகும் தீ தடம் விடாமலே போகும் என்று காட்டினார். இருந்தாலும் என் மனம் இதில் முழுக்க ஒப்பவில்லை. அப்படி ஒரு வெடி வந்திருந்தால் பெரிய வாசல் மட்டும் ஏன் கட்டியபடியே இருந்தது? தண்ணீர் அளக்கும் கோலை யார், எதற்காக எடுத்தார்கள்? ஏறிப் பார்த்தவர்களும் ஆல்கஹால் நெடி பற்றி எதுவும் சொல்லவில்லை.

கடிகாரமும் பம்பும்: ஆய்வாளர் ஆன் மெக்ரெகர் 2007-இல் முன்வைத்தது. குறிப்புகளைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பிரிக்ஸ் தான் இருப்பதாக நினைத்த இடத்துக்கு 120 மைல் மேற்கே இருந்திருக்கிறார். குரோனோமீட்டர் பிசகியிருந்தால் இப்படித்தான் ஆகும். எதிர்பார்த்த நாளில் நிலம் தென்படவில்லை. கடல் கொந்தளிப்பு. முந்தைய பயணத்தில் நிலக்கரி ஏற்றியிருந்தார்கள். அந்தத் தூளும் மராமத்துக் குப்பையும் (படி 2-இல் ஓரமாக வைத்தது) பம்பை அடைத்திருக்கலாம். பம்ப் அடைத்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கேப்டனுக்குத் தெரிய வழியில்லை. சரக்கறை நிறைய பீப்பாய். இறங்கிப் பார்க்கவும் முடியாது.

படி 9: நவம்பர் 25 காலையை எழுதிப் பாருங்கள்

இப்போது உங்கள் தாளில் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். என்னுடையது இது.

பல நாள் மோசமான காற்றுக்குப் பிறகு, விடியும்போது சாந்தா மரியா கண்ணுக்குத் தெரிகிறது. எட்டு மணிக்குச் சிலேட்டில் எழுதுகிறார்கள். யாரோ கோலை இறக்கி அளக்கிறார்கள். பம்ப் ஒத்துழைக்கவில்லை, கோல் காட்டும் அளவு பயமுறுத்துகிறது. வாசல்களைத் திறந்து உள்ளே பார்க்கிறார்கள். கணக்கு ஏற்கனவே தப்பியிருக்கிறது என்று கேப்டனுக்குத் தெரியும். தன் கருவியையே நம்ப முடியாத நிலை. ஆறு மைலில் கரை. இந்தத் தீவைத் தாண்டிவிட்டால், அடுத்து போர்ச்சுகல் வரை நிலமே இல்லை. அறையில் சோஃபியா.

தனியாளாக இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு பொறுக்க முடியவில்லை. பாய்களில் சிலவற்றைச் சுருட்டச் சொல்கிறார். கடிகாரம், செக்ஸ்டன்ட், தாள்கள், பத்துப் பேர், சின்னப் படகு. அறுந்து கிடந்த அந்தக் கயிற்றால் படகைக் கப்பலோடு கட்டியிருக்கலாம். ஆபத்து இல்லையென்றால் திரும்பி ஏறிக்கொள்ளத்தான். மழை அங்கியும் புகைக்குழாயும் விட்டுப்போனது அதோடு பொருந்துகிறது. பிறகு காற்று வலுத்து, மீதமிருந்த பாய்களில் பிடித்து, கப்பல் இழுத்திருக்கும். கயிறு அறுந்திருக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு, அதையும் எழுதிவையுங்கள். பாய் விரிந்திருக்கும் கப்பலோடு படகைக் கட்டுவது ஆபத்து என்று பிரிக்ஸுக்குத் தெரியாதா? ஒரு சொட்டு அனுபவமுள்ளவருக்கும் தெரியும். காற்று விழுந்திருந்த நேரமாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'தான் வழக்கு இன்னும் மூடாமல் இருப்பதற்குக் காரணம்.

படி 10: கப்பலின் முடிவையும் ஒரு வரி எழுதுங்கள்

மேரி செலஸ்ட் இன்னும் 12 வருடம் ஓடியது. 1885 ஜனவரி 3-இல், ஹெய்ட்டிக்கு அருகே ரோஷெல்வா என்ற பவளத்திட்டில் கேப்டன் கில்மன் பார்க்கர் வேண்டுமென்றே மோதவிட்டார். உதவாத பொருளை ஏற்றி 30,000 டாலருக்குக் காப்பீடு செய்திருந்தார்கள். பாஸ்டனில் வழக்கு நடந்தது. ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் பார்க்கர் இறந்தார். 2001-இல் அந்தக் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் அந்த மரத்தின் வளையங்களை ஆராய்ந்தபோது, கப்பல் மூழ்கிப் பத்து வருடத்துக்கு மேலாகியும் உயிரோடு நின்ற மரங்களிலிருந்து வெட்டியது என்று தெரிந்தது. அது வேறு கப்பல்.

கடைசியாக வரைபடத்துக்கு வாருங்கள். சாந்தா மரியாவிலிருந்து கிழக்கே, கப்பல் போன வழியைக் கோடாக இழுங்கள். ஜிப்ரால்டர் வரை போகும், அங்கிருந்து ஜெனோவா வரை போகும். பிறகு அதே முதல் புள்ளியில் பென்சிலை வைத்து, படகு போன வழியை வரையப் பாருங்கள். கரை ஆறு மைல்தான். மேரியனில் ஆர்தர் பாட்டியோடு வளர்ந்தான்.